ட்ரில் மெஷின் பேட்டரியில் சைக்கிள் ஓடுமா?

எங்கள் தெருவில் அலுமினிய ஜன்னல் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நாலு வருடத்துக்கு முன்பு தன் பழைய சைக்கிளின் பின்சக்கரத்தில் 36 வோல்ட் ஹப் மோட்டார் கிட், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருக்கும் செட் ஒன்றை மாட்டினார். பட்டறைக்குப் போக, வர, கடைக்குப் போக எல்லாவற்றுக்கும் அதுதான். போன மழைக்காலத்தோடு அதன் பேட்டரி படுத்துவிட்டது. புது பேட்டரி என்ன விலை என்று விசாரித்துவிட்டு வந்தவர், பட்டறை அலமாரியில் வரிசையாக இருந்த ட்ரில், கிரைண்டர் பேட்டரிகளைக் காட்டி, "ஏன் தம்பி, இதுல ரெண்டை மாட்டினா ஓடாதா? கிரைண்டரையே அந்தச் சுத்து சுத்துதே!" என்றார்.

ஓடும். அதில் சந்தேகமே வேண்டாம். இரண்டு வயரைச் சேர்த்து சக்கரத்தைச் சுற்ற வைக்க அரை மணி நேரம் போதும். ஆனால் ட்ரில் பேட்டரி தனியாக வேலை செய்யும் பொருள் அல்ல. எப்போது நிறுத்த வேண்டும், எவ்வளவு இழுக்கலாம் என்ற முடிவுகளில் பாதியை அது மாட்டப்பட்டிருக்கும் மெஷின்தான் எடுக்கிறது. பேட்டரியைக் கழற்றி சைக்கிளில் வைக்கும்போது அந்தப் பாதி பட்டறையிலேயே தங்கிவிடுகிறது. அதை நாம் சைக்கிளில் திரும்பக் கட்ட வேண்டும். அண்ணனுக்கு நான் விளக்கியதும், இங்கே எழுதுவதும் இதைத்தான்.

முதலில் பேட்டரிக்குள் என்ன இருக்கிறது

18 வோல்ட் என்று எழுதியிருக்கும் பேட்டரிக்குள் லித்தியம் அயன் செல்கள் இருக்கின்றன. பார்க்க டார்ச் லைட் செல் போலத்தான் இருக்கும். பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒரு செல்லின் சராசரி வோல்டேஜ் 3.6. முழுதாக சார்ஜ் ஏறினால் 4.2. அப்படி ஐந்து செல்களை ஒன்றன்பின் ஒன்றாக, அதாவது சீரிஸில் இணைத்தால் சராசரி 18 வோல்ட், முழு சார்ஜில் 21 வோல்ட்.

கடையில் வரும் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கம்பெனி 18 வோல்ட் என்று போடும், இன்னொன்று 20 வோல்ட் மேக்ஸ் என்று போடும், சீன மெஷின்களில் 21 வோல்ட் என்று இருக்கும். மூன்றும் அதே ஐந்து செல் பேட்டரிதான். சராசரியைச் சொல்கிறார்களா, உச்சத்தைச் சொல்கிறார்களா என்பது மட்டுமே வித்தியாசம். இதைவிட மோசம், மலிவு விலை பேட்டரிகளில் 48 விஎஃப், 88 விஎஃப், 128 விஎஃப் என்று ஒட்டி வருகிற எண்கள். அவை வோல்டேஜே இல்லை, உள்ளே இருப்பது பெரும்பாலும் அந்த ஐந்து செல் வரிசைதான். அந்த எண்ணை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள். முழு சார்ஜ் ஏற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 21-ஐ ஒட்டிக் காட்டினால் ஐந்து செல்.

அடுத்தது ஏஹெச், அதாவது ஆம்பியர் ஹவர். பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் தேங்கும் என்பதற்கான அளவு. மெல்லிய பேட்டரியில் ஒரே ஒரு வரிசை, ஐந்து செல்கள். 2 அல்லது 2.5 ஏஹெச் இருக்கும். தடித்த 5 ஏஹெச் பேட்டரியில் பெரும்பாலும் பத்து செல்கள் இருக்கும். இரண்டிரண்டாகப் பக்கத்தில் சேர்த்து, அந்த ஜோடிகளை ஐந்து அடுக்காக இணைத்திருப்பார்கள். வோல்டேஜ் மாறாது, தேங்கும் மின்சாரம் இரட்டிப்பாகும்.

இப்போது சைக்கிள் பக்கம் வாருங்கள். 36 வோல்ட் சைக்கிள் பேட்டரி என்பது சீரிஸில் பத்து செல்கள், முழு சார்ஜில் 42 வோல்ட். இரண்டு ட்ரில் பேட்டரிகளை சீரிஸில் இணைத்தால் ஐந்தும் ஐந்தும் பத்து செல்கள், 21-ம் 21-ம் 42 வோல்ட். புள்ளி பிசகாமல் பொருந்துகிறது. உலகம் முழுக்கப் பலருக்கும் இந்த யோசனை தோன்றுவதற்கு இந்தப் பொருத்தம்தான் காரணம். ட்ரில் மெஷின் தயாரிக்கும் மக்கிட்டா நிறுவனமே தன் 18 வோல்ட் பேட்டரியில் ஓடும் மடக்கு சைக்கிள் ஒன்றை ஜப்பானில் விற்றிருக்கிறது. அங்கே சைக்கிளையும் பேட்டரியையும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும்படி ஒரே கம்பெனி வடிவமைத்தது. நம் சைக்கிளில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

மற்ற எண்ணிக்கைகள் ஏன் சரிவராது என்பதையும் பார்த்துவிடலாம். ஒரே ஒரு பேட்டரியை 24 வோல்ட் கிட்டில் மாட்டினால் அது கிளம்புவதற்குள் நின்றுவிடும். அந்த கிட்டின் கன்ட்ரோலர், அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் பெட்டி, சுமார் 20, 21 வோல்ட்டிலேயே பேட்டரி காலி என்று முடிவு கட்டும். நம் பேட்டரியோ முழு சார்ஜிலேயே 21தான். மூன்று பேட்டரிகளை 48 வோல்ட் கிட்டில் மாட்டினால் எதிர்ப்பக்கம் ஆபத்து. மூன்றும் சேர்ந்து முழு சார்ஜில் 63 வோல்ட். அந்த கன்ட்ரோலர் எதிர்பார்ப்பது 54.6. அதன் உள்ளே மின்சாரத்தைச் சற்றுத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் பல கிட்களில் 63 வோல்ட் வரைதான் தாங்கும் என்று எழுதப்பட்டவை. விளிம்பில் வைத்து ஓட்டுகிற பொருள் அல்ல அது. ஆக 36 வோல்ட் கிட், இரண்டு பேட்டரி. இது ஒன்றுதான் சுத்தமான கணக்கு.

எவ்வளவு தூரம் போகும்

வோல்ட்டையும் ஏஹெச்சையும் பெருக்கினால் வாட் ஹவர் வரும். 18 வோல்ட், 5 ஏஹெச் என்றால் 90 வாட் ஹவர். இரண்டு பேட்டரிக்கு 180. சாதாரண 36 வோல்ட், 10 ஏஹெச் சைக்கிள் பேட்டரியில் 360 வாட் ஹவர் இருக்கும், அதில் பாதிதான் நம்மிடம். மிதிக்காமல் சமதரையில் நிதானமாகப் போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 12 வாட் ஹவர் செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 15 கிலோமீட்டர். பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சக் கூடாது என்பதால் 12 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே மிதித்தால் 20-ஐத் தாண்டலாம். மேம்பாலமும் எதிர்க்காற்றும் வந்தால் குறையும்.

அதனால் என் கருத்து இது. பேட்டரிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, போக ஐந்து, வர ஐந்து கிலோமீட்டர்தான் என்றால் இது அருமையான வழி. இதற்காகவே புதிதாக ட்ரில் பேட்டரி வாங்காதீர்கள். வாட் ஹவருக்குக் கொடுக்கும் காசைப் பார்த்தால் சைக்கிள் பேட்டரிதான் மலிவு.

துளை போடுவது வேறு, தூரம் போவது வேறு

கிரைண்டரையே சுற்றுகிறதே என்று அண்ணன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நல்ல 5 ஏஹெச் பேட்டரி சில விநாடிகளுக்கு 30, 40 ஆம்பியர்கூடக் கொடுக்கும். 250 வாட் கிட்டின் கன்ட்ரோலர் கேட்பது அதிகபட்சம் 14, 15 ஆம்பியர்தான், அது அதன் மேலேயே எழுதியிருக்கும். ஆனால் ட்ரில் விட்டுவிட்டுத்தான் வேலை செய்கிறது. ஒரு துளை, அப்புறம் ஸ்க்ரூ தேடுவது, அளவு பார்ப்பது, அடுத்த துளை. அந்த இடைவெளிகளில் பேட்டரி ஆறிக்கொள்கிறது. சைக்கிளில் மேடு ஏறும்போது பத்து நிமிடம் விடாமல் இழுக்கும். 15 ஆம்பியர் ஓடினால் ஒவ்வொரு 5 ஏஹெச் பேட்டரிக்குள்ளும் சுமார் 10 முதல் 15 வாட் வெப்பம் பிறக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் அது போக இடமில்லை. ஏப்ரல், மே வெயிலில் இது இன்னும் மோசம்.

மெல்லிய 2 ஏஹெச் பேட்டரி என்றால் அந்த 15 ஆம்பியரும் ஒரே செல் வரிசை வழியாகப் போக வேண்டும். இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 3, 4 வோல்ட் அந்த இடத்திலேயே இறங்கிவிடும். பாதி சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே கன்ட்ரோலர் காலி என்று நினைத்து நிறுத்தும். தடித்த பேட்டரி இல்லையென்றால் இந்த வேலையைத் தொடாதீர்கள் என்பேன்.

இரட்டை மாட்டு வண்டி

சீரிஸில் இணைத்த இரண்டு பேட்டரிகள் ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்று தளர்ந்தால் மற்றது நிற்காது, தளர்ந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இந்த விஷயத்தில் ஆபத்து எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

லித்தியம் செல்லை 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது. 2.5-க்குக் கீழே போனால் கெடுதல் தொடங்குகிறது. ஐந்து செல்லுக்கு 15 வோல்ட் என்பது எல்லைக்கோடு. ட்ரில்லில் இருக்கும்போது இந்தக் கோட்டை யார் காவல் காக்கிறார்கள்? சில கம்பெனிகளின் பேட்டரி தானே காத்துக்கொள்ளும், உள்ளேயே துண்டித்துவிடும். ஆனால் பல பேட்டரிகளில் அந்த வேலை மெஷினுடையது. பேட்டரியின் வாயைப் பாருங்கள், பிளஸ், மைனஸ் தவிர இன்னும் சில சின்னத் தகடுகள் இருக்கும். வெப்பமும் செல்லின் நிலையும் அவற்றின் வழியாகத்தான் மெஷினுக்குத் தெரிகிறது. 'போதும்' என்று தெரிந்ததும் மெஷின் தன் ஓட்டத்தை நிறுத்துகிறது. பேட்டரியைச் செருகி வயர் எடுக்க நாம் ஆன்லைனில் வாங்கும் அடாப்டரோ, பிளஸ், மைனஸ் என்ற இரண்டு வயரை மட்டும் வெளியே கொண்டுவருகிறது. பேட்டரி 'போதும்' என்று கத்தினாலும் கேட்க ஆளில்லை.

கன்ட்ரோலர் இருக்கிறதே என்று தோன்றும். 36 வோல்ட் கன்ட்ரோலர் சுமார் 31 வோல்ட்டில் நிறுத்தும், உண்மைதான். ஆனால் அதற்குத் தெரிவது மொத்தம் மட்டுமே. ஒரு பேட்டரி புதிது, இன்னொன்று மூன்று வருடம் உழைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 18.5 வோல்ட், மற்றதில் 12.5. கூட்டினால் 31. கன்ட்ரோலர் அதுவரை எல்லாம் சரி என்று ஓட்டியிருக்கும். பழைய பேட்டரியின் செல்களோ ஏற்கெனவே 2.5-ல் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட பலவீனமாக இருந்தால் அது பூஜ்ஜியத்தையும் தாண்டித் தலைகீழாகத் திரும்பும். மற்ற ஒன்பது செல்களும் அதன் வழியாக வலுக்கட்டாயமாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட செல்லின் உள்ளே செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்து சார்ஜில் போடும்போது கரைந்த செம்பு ஊசி ஊசியாகப் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். ஓட்டும்போது நடந்த தவறுக்கு இரவு சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கும்போது விலை கொடுக்க நேரும். இதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தீர்வு கடினமில்லை. ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாக ஒரு சின்ன டிஜிட்டல் வோல்ட்மீட்டர், ஹேண்டில்பாரில் கண்ணுக்குத் தெரியும்படி. எது முதலில் 16 வோல்ட்டைத் தொட்டாலும் மோட்டாரை நிறுத்திவிட்டு மிதிக்க வேண்டியதுதான். கண்ணை நம்ப வேண்டாம் என்றால், வோல்டேஜ் குறைந்தால் துண்டிக்கும் ரிலே மாட்யூல்கள் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். பேட்டரிக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். 15 ஆம்பியர் போகும் பெரிய வயரை அதில் வெட்ட வேண்டியதில்லை. பல கன்ட்ரோலர்களில் சாவிக்கென்று ஒரு மெல்லிய வயர் இருக்கும், அது துண்டானால் மொத்தமும் நின்றுவிடும். இரண்டு ரிலேயின் தொடுப்புகளையும் அந்த வயரிலேயே வரிசையாகப் போட்டால் எந்த மாடு தளர்ந்தாலும் வண்டி நிற்கும். மாட்யூலும் மீட்டரும் சொட்டுச் சொட்டாகப் பேட்டரியைக் குடிக்கும் என்பதால், சைக்கிளை நிறுத்தியதும் பேட்டரிகளைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

தானே துண்டித்துக்கொள்ளும் பேட்டரி என்றால் கவலை இல்லையா? அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் மின்சுவிட்ச், 21 வோல்ட் பேட்டரிக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டது. சீரிஸில் இருக்கும்போது அது துண்டித்தால் இரண்டு பேட்டரிகளின் மொத்த வோல்டேஜும் அதன் மேல் வந்து விழக்கூடும். தாங்காமல் எரிந்தால் துண்டிக்கும் திறனே போய்விடும். எனவே அது கடைசிக் காவலாக இருக்கட்டும். முதல் காவல் நம்முடைய மீட்டராகவே இருக்கட்டும்.

ஜோடிப் பொருத்தமும் இதனால்தான் முக்கியம். ஒரே கம்பெனி, ஒரே ஏஹெச், ஏறத்தாழ ஒரே வயது, இரண்டும் முழு சார்ஜில். சைக்கிளுக்கென்று ஒரு ஜோடியை ஒதுக்கிவிட்டால் இன்னும் நல்லது.

நாலு பேட்டரி இருக்கிறது, பேரலலில் போட்டு தூரத்தைக் கூட்டலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம். சார்ஜ் அளவு வேறுபட்ட இரண்டு பேட்டரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால், நிறைந்ததிலிருந்து குறைந்ததற்கு எந்தத் தடையும் இல்லாமல் மின்சாரம் பாயும். அதைத் தடுக்க, ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடு போடலாம், ஆனால் தொடக்கநிலையில் அந்தத் தலைவலி எதற்கு? இரண்டாவது ஜோடியைப் பையில் வைத்துக்கொண்டு, வழியில் மாற்றிக்கொள்வது எளிது.

வயர் வேலை

அடாப்டர் வயர்களை இணைக்கும் முன் மல்டிமீட்டரில் பிளஸ், மைனஸைச் சரிபாருங்கள். சிவப்பு வயர் என்பதற்காக அது பிளஸ்தான் என்று நம்ப வேண்டாம். முதல் பேட்டரியின் பிளஸ், இரண்டாவதன் மைனஸுடன். மிச்சமிருக்கும் இரண்டு முனைகள் கன்ட்ரோலருக்கு. பல இழை கொண்ட 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். ஒற்றைக் கம்பி வயர் குலுங்கிக் குலுங்கி உடையும்.

ஃபியூஸ் கட்டாயம், 20 ஆம்பியர், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். இதில் பலர் கவனிக்காத ஒன்று: கார், பைக்கில் போடும் சாதாரண பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட்டுக்கானது, அதன் மேலேயே எழுதியிருக்கும். 42 வோல்ட்டில் அது உருகினாலும் இடைவெளியில் தீப்பொறி தொடர்ந்து ஓடலாம். 58 வோல்ட் என்று எழுதிய அதே வடிவ ஃபியூஸ் கிடைக்கிறது, அதைத் தேடி வாங்குங்கள்.

பேட்டரியைக் கன்ட்ரோலரில் செருகும்போது 'டப்' என்று ஒரு தீப்பொறி வரும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் ஒரே நொடியில் நிறைவதால் வருவது அது. ட்ரில் பேட்டரியின் மெல்லிய தகடுகளை அது நாளடைவில் கருக்கிவிடும். தீப்பொறி வராமல் செய்யும் கனெக்டர் கிடைக்கிறது, பேட்டரிகளை முதலில் அடாப்டரில் பொருத்திவிட்டு, இணைப்பைக் கடைசியாக அந்தக் கனெக்டரில் கொடுங்கள்.

நம் ரோட்டுப் பள்ளங்களை மறக்கக் கூடாது. அந்த பேட்டரியின் பிடிப்பு கையில் வைத்து வேலை செய்யும் மெஷினுக்கானது. சைக்கிளில் மாதக்கணக்கில் அதிர்ந்தால் தகடுகள் தளர்ந்து அந்த இடமே சூடாகும். நடுச்சட்டத்தில் ரப்பர் வைத்து, மேலே ஒரு பெல்ட் போட்டு இறுக்குங்கள். மழைத்தண்ணீர் பேட்டரியின் காற்றோட்ட ஓட்டைகள் வழியாக உள்ளே போகும், அதனால் மேலே மூடியும் கீழே திறப்பும் உள்ள பெட்டி நல்லது. பிரேக் பிடித்தால் பேட்டரிக்கே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் கன்ட்ரோலர்கள் உண்டு. அந்த வசதியை அணைத்துவிடுங்கள், ட்ரில் பேட்டரி அந்த வழியாக சார்ஜ் ஏற்றிக்கொள்ளச் செய்யப்பட்டதல்ல.

சார்ஜ் போடுவது மட்டும் இதில் சுகமான பகுதி. கழற்றி, ஒவ்வொன்றையும் அதனதன் சார்ஜரில் போட வேண்டியதுதான். ஓட்டிவிட்டு வந்த கையோடு போடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் லித்தியம் செல்லை சார்ஜ் செய்யக் கூடாது. தொட்டால் குளிர்ந்திருக்கும் வரை விடுங்கள்.

பேட்டரியைப் பிரித்து செல்களை எடுத்து நாமே புதிதாகக் கட்டுவது பற்றியும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். நியூயார்க் நகரத்தில் 2023-ல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீ விபத்துகளில் 18 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே, பழைய பேட்டரிகளிலிருந்து எடுத்த செல்களைக் கொண்டு கட்டிய பேட்டரிகளை விற்பதற்கு அந்த நகரம் சட்டம் போட்டுத் தடை விதித்தது. ட்ரில் பேட்டரியை மூடியபடியே பயன்படுத்துவதில் இருக்கும் பெரிய நன்மையே, உள்ளே ஒரு தொழிற்சாலையின் வெல்டிங்கும் உறையும் அப்படியே இருப்பதுதான்.

இந்தியாவில் 250 வாட்டுக்குக் குறைவான திறன், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகம், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத எடை என்றால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. லைசென்ஸும் பதிவும் வேண்டாம். கிட் வாங்கும்போதே இதைப் பார்த்து வாங்கிவிடுங்கள்.

அண்ணன் சைக்கிளில் இப்போது ஹேண்டில்பாரில் இரண்டு சிவப்பு மீட்டர்கள் எரிகின்றன. முதல் வாரம் ஒரு நாள் பட்டறையிலிருந்து வரும் வழியில் இடதுபக்க மீட்டர் 17.8 காட்டியதாம், வலதுபக்கம் 16.1. மொத்தம் 33.9, கன்ட்ரோலர் நிறுத்தவே இல்லை. அவரே நிறுத்திவிட்டு மிச்ச தூரத்தை மிதித்து வந்தார். மறுநாள் அந்த வலதுபக்க பேட்டரியை மறுபடி ட்ரில்லுக்கே அனுப்பிவிட்டு, அலமாரியில் ஒரே மாதம் வாங்கிய இரண்டைத் தேடி எடுத்து, இரண்டின் மேலும் பச்சைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டார். பட்டறைப் பையன்கள் யாரும் அந்த இரண்டைத் தொடக் கூடாது என்று உத்தரவு.